வெயிலுக்குக் குடிபோன வருடங்கள்

என் கணவர் முப்பது வருடத்துக்கு மேலாகப் பனியைத் திட்டினார். வாய்க்குள் முணுமுணுப்பது இல்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை பிடிப்பதுபோல, யன்னல் சீலையை விலக்கிக்கொண்டு நேருக்கு நேர் நின்று திட்டுவார்.

கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மேல்மாடி வீட்டில் இருந்தோம். நாங்கள் இருவரும், இவரோடு ஒன்றாக நாட்டை விட்டு வெளிக்கிட்ட இவருடைய நண்பரும். விடியுமுன்பே ஆண்கள் இருவரும் எழும்பி வேலைக்கு ஆயத்தமாவார்கள்.

"பாரடா, திரும்பவும் கொட்டி வைச்சிருக்கு" என்று இவர் தொடங்குவார்.

"கொட்டினா என்ன, அள்ளுறவன் வந்து அள்ளுவான். நீ சப்பாத்தைப் போடு" என்பார் நண்பர்.

பிறகு நண்பர் தனிக் குடித்தனம் போனார். நாங்கள் ஸ்காபரோவுக்கு மாறினோம். இவருக்கு ஒரு பாண் சுடும் கொம்பனியில் ட்ரக் ஓடும் வேலை கிடைத்தது. ஒஷாவா வரைக்கும் கடை கடையாகப் பாண் இறக்கவேண்டும். ஊர் உறங்கும்போதே கண்ணாடியில் இறுகிய ஐஸைச் சுரண்டிவிட்டு வண்டியை எடுப்பார். மார்கழி, தையில் அவருடைய விரல் நுனிகள் வெடித்துவிடும். வேலையால் வந்தவுடன் நான் வஸ்லின் பூசிவிடுவேன். "கடைசிக் காலத்திலை எண்டாலும் வெயிலுக்கை போய் இருக்கவேணும்" என்று ஒவ்வொரு குளிருக்கும் சொல்லுவார். அதை நானோ எங்கள் மகளோ பெரிதாக எடுத்ததில்லை. எனக்குப் பனியைத் திட்டக்கூட நேரம் இருக்கவில்லை. கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற். போனால், வந்தால், படுத்தால் சரி.

இருவரும் ஓய்வு பெற்ற வருடம், அஜக்ஸில் இருக்கிற மகள் எங்களை ஒரு கிழமைக்கு மெக்சிக்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடற்கரை ஹோட்டல். அங்கே போய் இரண்டொரு நாளில், இவர் பெனியனோடு வெளியில் கதிரையைப் போட்டு, காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்சேரும், நான் இனி உந்தக் குளிருக்கை போகமாட்டன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

திரும்பி வந்தோம். ஆனால் அந்தக் குளிர் முழுவதும் அவர் கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருந்தார். பென்சனில் வாழ்கிற வெளிநாட்டுக்காரருக்கு அங்கே தங்க அனுமதி கொடுப்பார்கள் என்று கண்டுபிடித்தார். ஹோட்டல்கள் இல்லாத, பசிபிக் கரையோரத்து மீன்பிடி ஊர் ஒன்றையும் கண்டுபிடித்தார்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வெயில்தான் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகலாமே? நாங்கள் ஒருமுறை போய்வந்தவர்கள்தான். எங்கள் வயதுக்காரர் அநேகமாக எல்லோரும் வெளியில். இருந்தவர்கள் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி, சோடா உடைத்துத் தந்து, "எப்ப திரும்பப் போறியள்?" என்று கேட்டார்கள். "அங்கை போனா நான் கனடாக்காரன்" என்றார் இவர். "எங்கையும் வெளியாள்தான் எண்டா, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத இடத்திலை இருந்திட்டுப் போறன்."

மகளுக்குச் சொன்னபோது அவள் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? அங்க உங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது."

"அப்பாவுக்கு ஆசையா இருக்கு."

"உங்களுக்கு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை. "எனக்கென்ன, அவர் போற இடம்தானே" என்றேன். அந்த நேரத்தில் அதுதான் உண்மையும்.

வீட்டை விற்றோம். சாமான்கள் பாதி மகளுடைய பேஸ்மென்ருக்குப் போயின. பனி அள்ளும் ஷவலை இவர் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரிடம் கை குலுக்கிக் கொடுத்தார். கிழவர் வாழ்த்துச் சொன்னாரா, பரிதாபப்பட்டாரா என்று தெரியவில்லை.

எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது மஞ்சள் சுண்ணாம்பு பூசிய சிறிய வீடு. முன்னால் விறாந்தை, பின்னால் ஒரு மாமரம். முதல் கிழமைகளில் வியர்வை என்றால் என்ன என்று உடம்பு மறுபடியும் படித்தது. குடிதண்ணீர் பெரிய போத்தல்களில் ட்ரக்கில் வரும். காஸ் விற்கிறவன் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வருவான். பாட்டுக் கேட்டதும் வெளியில் ஓடவேண்டும், விட்டால் அடுத்த கிழமைதான். மத்தியானத்தில் கடைகள் பூட்டிக்கிடக்கும்.

சந்தைக்குப் போனால் எல்லாம் தெரிந்த சாமான். புளி, தேங்காய், மாங்காய், வாழையிலை, காய்ந்த மிளகாய் மூட்டை மூட்டையாக. கேட்கத்தான் வாய் இல்லை. விரலால் காட்டுவேன். அவர்கள் எதையோ திருப்பிக் கேட்பார்கள். நான் தலையாட்டுவேன். கால் கிலோ நினைத்துப்போய் இரண்டு கிலோ வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு.

இவரோ அந்த நாட்களில் என்னுடைய கல்யாணத்துக்குப் பிறகு நான் கண்டிராத ஒரு மனிதராக இருந்தார். சாரமும் பெனியனுமாகத் திரிந்தார். கத்தரியும் மிளகாயும் வைத்தார். விரல்கள் ஆறின. தை மாதத்தில் மாமரத்துக்குக் கீழே நின்று படம் எடுத்து ரொறன்ரோ நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். "இஞ்சை முப்பது டிகிரி. அங்கை எப்பிடி?" என்று எழுதுவார். பதிலுக்கு வருகிற வசவுகளை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பார்.

பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருவர் தனியே இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் சிக்காகோவில். காலையில் வீட்டு வாசலில் மேசை போட்டுச் சாப்பாடு விற்பார். ஒருநாள் சந்தையில் நான் புளிக்கு முன்னால் நின்று கையால் கதைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து கடைக்காரனை ஏதோ அதட்டினார். கடைக்காரன் அள்ளியதில் பாதியைத் திருப்பிக் கொட்டினான்.

அன்று பின்னேரம் ஒரு ஜக்கில் மண்ணிறத்தில் ஏதோ கொண்டுவந்தார். ஐஸ் மிதந்தது. ஒரு மிடறு குடித்தேன். புளி. புளியைக் கரைத்துச் சீனி போட்டு வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் புளி கரைத்தவள் நான், அதைக் கிளாசில் ஊற்றிக் குடிக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அடுத்த நாள் நான் ஒரு கோப்பையில் சுடச்சுட ரசம் கொண்டுபோனேன். அவர் ஒரு மிடறு குடித்தார். கண் கலங்கியது, இருமினார், நெஞ்சில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு கோப்பையைக் காலிசெய்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

என்னை அவர் "வெசீனா" என்று கூப்பிட்டார். அயல்வீட்டுக்காரி என்று அர்த்தம். நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். கடைசி வரைக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய வாசல் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டுதான் நான் ஸ்பானிஷ் படித்தேன். முதலில் காய்கறி, பிறகு வியாதிகள், பிறகு மருமகள்மார். அந்த வயதுப் பெண்களுக்கு அவ்வளவும் தெரிந்தால் போதும், எந்தப் பாசையிலும் கதைக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் அந்தத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கடலுக்குப் போவார்கள். எல்லோரும் பேரப்பிள்ளை கண்டவர்கள். போட்டிருக்கிற சட்டையோடேயே இறங்கி, கைகோத்துக்கொண்டு அலைக்குள் நிற்பார்கள். ஒருநாள் வெசீனா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நான் கடற்கரை ஊரில்தான் பிறந்தேன். ஆனால் கடல் என்றால் ஆம்பிளைகளுக்குத் தொழில், எங்களுக்கு ஆடி அமாவாசைக்கு முழங்கால் நனைக்கிற இடம். ரொறன்ரோவில் ஏரிக்கரைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறோம். கோழி வாட்டிச் சாப்பிட்டு, பாய் விரித்து இருந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவோம். என் உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போனதே இல்லை.

"ட்ரங்கீலா, வெசீனா" என்றார் அவர். பயப்படாதே, ஆறுதலாக இரு.

முதல் அலையில் நான் விழுந்தேன். வாயெல்லாம் உப்பு. எழும்பினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த சட்டை உடம்போடு ஒட்ட, வயது போன பெண்கள் தெருவால் நடந்து வீட்டுக்கு வந்தோம். ஸ்காபரோவில் ஒருவர் கண்டிருந்தால் அந்தக் கிழமைக்கு வேறு கதை தேவைப்பட்டிருக்காது.

சில கிழமைகள் கழிந்து, அலை இல்லாத நாட்களில், வெசீனா என்னை மிதக்கப் பழக்கினார். என் முதுகுக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். நான் கழுத்தை விறைத்துக்கொண்டு கிடப்பேன், கால் தாழும், தண்ணீர் குடிப்பேன். ஒருநாள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கையில், அவருடைய குரல் கொஞ்சம் தூரத்தில் கேட்டது. உள்ளங்கை எப்போது போனது என்று தெரியவில்லை. நான் தாழவில்லை. காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. அறுபது வயதுக்கு மேல், முதல்முறையாக என் உடம்பு எதையும் தூக்காமல், எங்கேயும் போகாமல் கிடந்தது. ஏனோ அழுகை வந்தது. கடலுக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது.

"கவனமப்பா! ஆழத்துக்குப் போகாதையும்!" கரையில் இருந்து இவர் கத்தினார். பிறகு திரும்பவும் குனிந்து போனைப் பார்த்தார்.

இரண்டாவது வருடம் அவர் கரையிலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரொறன்ரோவின் காலநிலை. "இண்டைக்கு நல்லாக் கொட்டப்போகுதாம்" என்பார். பிறகு யாருக்காவது போன் எடுப்பார். "அடேய், 401 றோட்டுப் பூட்டிக்கிடக்கோ? ட்ரைவ்வேயை ஆர் துப்பரவாக்கினது?" அந்தப் பக்கம் வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் இருப்பார்கள். போனை வைத்துவிட்டு மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அவர் கதைக்கிற ஆள். ரொறன்ரோவில் சனிக்கிழமை கோப்பிக்கடையில் ஒரு மேசை நிறையக் கூட்டாளிகள். சாமத்திய வீடு, செத்தவீடு, கோயில் திருவிழா, எங்கே போனாலும் நாலு பேரைச் சேர்த்துவிடுவார். இங்கே அவருக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, நானோ கடலுக்குப் போய்விடுவேன். ஸ்பானிஷ் படிக்கச் சொன்னேன். "இனி எனக்கு நாக்கு வளையாது" என்றார். கத்தரிச் செடிகள் தண்ணீர் இல்லாமல் வாடத் தொடங்கின.

அந்த மாசியில் அவருடைய நண்பர், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களோடு இருந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். செய்தி வந்த அன்றும் அடுத்த நாட்களிலும் விமானம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு போனாலும் தகனம் முடிந்துவிடும். பியூனரல் ஹோமில் இருந்து நேரடியாகக் காட்டுவார்கள் என்று மகள் லிங்க் அனுப்பினாள்.

இவர் தோய்ந்துவிட்டு வந்தார். சூட்கேசின் அடியில் கிடந்த கறுத்தக் காற்சட்டையை எடுத்துப் போட்டார். முழுக்கைச் சேட்டு, சப்பாத்தும் கூட. அந்த வெக்கையில் விறாந்தையில் கதிரையைப் போட்டு, முன்னால் ஸ்டூலில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு இருந்தார். சின்னத் திரையில் பெட்டி தெரிந்தது. ஆட்கள் வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் இவர் அடையாளம் கண்டார். "அந்தா, அவன் வந்திட்டான். அவனுக்குக் காலேலாது, பார், தடியோடை வந்திருக்கிறான்."

வேலிக்கு மேலால் பார்த்த வெசீனா என்ன என்று கையால் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மெழுகுதிரியோடு வந்தார். கொளுத்திப் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றக் கதிரையில் இருந்தார். ஒரு சொல்லும் விளங்காத தேவாரத்தை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். திரை கறுத்ததும் இவர் எழும்பவில்லை. வெசீனா அவருடைய தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மூன்று நாட்கள் கழித்துச் சாப்பிடும்போது கேட்டார்.

"இஞ்சேரும், திரும்பிப் போவமே?"

"அங்கை இப்ப ஸ்நோ."

"கொட்டட்டும். என்ரை ஆக்கள் ஒவ்வொருத்தரா போகத் தொடங்கிட்டினம். இருக்கிறவையோடையெண்டாலும் கொஞ்சம் கதைக்கவேணும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"உமக்கு இஞ்சை பிடிச்சிருக்கு. எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப நீங்கள் முதல் போங்கோ. நான் வெயிலைக் கண்டிட்டு, அங்கை குளிர் விட்டாப் பிறகு வாறன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என்னை வடிவாகப் பார்த்தார்.

"தனியவோ?"

"தனிய எங்கை? வெசீனா இருக்கிறா."

கோபிப்பார் என்று நினைத்தேன். சோற்றை முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, "காஸ்காரன்ரை பாட்டுக் கேட்டா ஓடி விழாதையும், ஆறுதலாப் போம். விட்டா வெசீனாவைக் கேளும்" என்றார். மகள்தான் போனில் கத்தினாள். "அம்மா, ஹூ ஆர் யூ?" என்று கேட்டுவிட்டுப் பிறகு சிரித்தாள்.

அவர் பனிக்குள், மகள் வீட்டுக்குப் போனார்; நான் வெயிலில் நின்றேன். அந்த மாதங்கள் எனக்கு இப்போதும் நினைவில் தனியாக நிற்கின்றன. சமைக்கத் தோன்றினால் சமைப்பேன். இல்லையென்றால் மாங்காயில் உப்பும் தூளும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் படுப்பேன். பின்னேரம் கடல். அவருடைய இருமலும் ரேடியோவும் இல்லாத வீடு சில நேரம் பெரிதாகத் தெரிந்தது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் நான் மட்டும் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தரம். அப்பாவின் வீடு, அவருடைய வீடு, மகளுக்காக ஓடிய வீடு. இது மட்டும்தான் என்னுடைய நேரத்துக்கு விடிந்த வீடு.

சித்திரையில் நானும் ரொறன்ரோவுக்கு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு குளிருக்கு, இரண்டு மாதம் இரண்டு மாதமாக அதே வீட்டுக்குத் தனியே போய்வந்தேன். மூன்றாம் முறைக்கு ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்தபோது வெசீனா போனில் அழுதுகொண்டு கதைத்தார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்யவேண்டுமாம். மகன் சிக்காகோவுக்கு வரச்சொல்லி நிற்கிறானாம், வீட்டைப் பூட்டப்போகிறாராம். நான் ரிக்கற் எடுக்கவில்லை. ஊர் அங்கேதான் இருக்கிறது, மற்றப் பெண்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மனம் வரவில்லை.

இப்போது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு வாடகை அப்பார்ட்மென்ரில் இருக்கிறோம். இவர் சனிக்கிழமைகளில் கோப்பிக்கடைக்குப் போகிறார். மேசையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், சத்தம் குறையவில்லை என்கிறார். பனியைத் திட்டுகிறார், நல்ல சுகதேகியாக. நான் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் புளி கரைத்து, சீனி போட்டு, ஐஸ் போட்டுக் குடிக்கிறேன். சில காலைகளில் கண் விழிக்கும்போது, வெளியில் பனி வாரும் வண்டியின் சத்தம் ஒரு கணம் அலைபோலக் கேட்கும். உடனே எழும்பமாட்டேன். அது அலைதான் என்று கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன். யாழ்ப்பாணத்தை நினைத்து நான் இப்படிக் கிடந்ததில்லை. அதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் ஏற்கமாட்டார்கள். மனம் எந்த ஊரைக் கேட்டு ஏங்கும் என்று நாங்களா முடிவுசெய்கிறோம்?

போன மார்கழியில், சிக்காகோவில் முதல் பனி விழுந்த அன்று, வெசீனா வீடியோவில் வந்தார். தலையில் தொப்பி, அதற்கு மேல் சால்வை.

"வெசீனா, இது என்ன நாடு? மகன் வாசல் நிலத்தில் உப்புக் கொட்டுகிறான்! நல்ல உப்பு!"

நான் சிரித்த சிரிப்பில் இவர் அறைக்குள் இருந்து வந்துவிட்டார். உப்புப் போட்டால் ஐஸ் உருகும், கால் வழுக்காது என்று விளக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஐஸ், வழுக்கல், உருகல், ஒன்றுக்கும் எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. நான் அந்தப் பாசையைப் படித்த ஊரில் அந்தச் சொற்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

"என்னவாம்?" என்றார் இவர்.

"வெளியிலை நடக்கப் பயமாக் கிடக்காம். சப்பாத்து வழுக்குதாம்."

"என்ன சப்பாத்தெண்டு கேளும். காட்டச் சொல்லும்."

வெசீனா காலைத் தூக்கிக் காட்டினார். சாதாரண ரப்பர் சப்பாத்து. இவர் தலையில் கை வைத்தார். போனை என்னிடம் இருந்து வாங்கினார்.

"உதைப் போட்டுக்கொண்டு வெளியிலை இறங்கவே கூடாது! அடியிலை வெட்டு வெட்டா இருக்கிறது வாங்கவேணும், உள்ளுக்கை கம்பளி வைச்சது. அந்த முழங்காலோடை மடமடவெண்டு நடக்கக் கூடாது. சொல்லும் அவவுக்கு."

முழுவதும் தமிழில்தான். நான் எனக்குத் தெரிந்த பாதியைச் சொன்னேன். அதற்குள் பொறுமை இல்லாமல் போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, இவர் ஹோலின் நடுவில் போய் நின்றார். கைகளைக் கொஞ்சம் அகட்டி, பாதத்தை முழுதாக ஊன்றி, வாத்துப்போல அடி மேல் அடி வைத்து நடந்து காட்டினார். வெசீனா சிரித்துச் சிரித்து மகனையும் பேரப்பிள்ளையையும் கூப்பிட்டார். அவர்கள் வந்து திரையில் குவிந்ததும், இவர் முதலில் இருந்து மறுபடியும் நடந்தார்.